குடல் அசையாமல் நின்றால்: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

குடல் சில நாள் அசையாமல் நின்றுபோவது அறுவை சிகிச்சை வார்டில் அடிக்கடி பார்க்கிற விஷயம். டாக்டருக்கும் நர்ஸுக்கும் பழகிப்போன ஒன்று என்பதாலேயே, வராண்டாவில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அதை உட்கார்ந்து விளக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அப்படியொரு வார்டில் செவிலியராக வேலை பார்த்த காலத்தில் பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி, சாயல்குடிப் பக்கத்து மக்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உங்கள் நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்வதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சொல்வது புரியவும், அவரிடம் எதைக் கேட்பது என்று தெரியவும் இது உதவினால் போதும்.

"குடல் வேலை செய்யலை"ன்னு சொல்லிட்டாங்க. அழுகிப் போச்சா? இனி வேலையே செய்யாதா?

இல்லை. குடலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறது, அது உயிரோடுதான் இருக்கிறது. உள்ளே இருப்பதைக் கீழே தள்ளுகிற அசைவு மட்டும் நின்றிருக்கிறது. கேஸ் சீட்டில் இதை 'பாராலிட்டிக் இலியஸ்' என்றோ, வெறுமனே 'இலியஸ்' என்றோ எழுதுவார்கள். கை கால் விழுகிற பக்கவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. காரணம் சரியானதும் பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் அசைவு திரும்பிவிடும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். குடல் தானாக நிற்பதில்லை, ஏதோ ஒன்று அதை நிறுத்தியிருக்கிறது. ஆபரேஷன்தான் காரணம் என்றால் பொறுமையாகக் காத்திருக்கலாம். வயிற்றுக்குள் சீழ் பிடித்ததோ, குடலில் ஓட்டை விழுந்ததோ காரணம் என்றால் காத்திருப்பதே ஆபத்து. ஆகவே "எப்போ சரியாகும்?" என்று கேட்பதற்கு முன்னால் "எதனால் நின்றது?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நல்லா இருந்த குடல் ஏன் திடீர்னு நிற்கணும்?

சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். அதன் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலைப்பின்னல் இருக்கிறது. மூளை சொல்லாமலே சுருங்கி விரிந்து உணவை நகர்த்தும் திறமை அதற்கு உண்டு. வயிறு காலியாக இருக்கும்போதுகூட ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை மேலிருந்து கீழ்வரை ஓர் அசைவு ஓடி, மிச்சம் மீதியைத் துடைத்துத் தள்ளும்.

உடம்புக்கு ஒரு பெரிய அடி விழும்போது, அதாவது வயிற்றைத் திறக்கும்போது, உள்ளே கிருமி பரவும்போது, எலும்பு முறியும்போது, முதுகுத்தண்டு வழியாகப் போகும் நரம்புகள் குடலுக்கு "நிறுத்து" என்று கட்டளை அனுப்பும். லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் அறிஞர்கள் 1899-லேயே இதைச் சோதனை செய்து பார்த்தார்கள். அந்த நரம்பை வெட்டிவிட்டால், நின்ற குடல் மறுபடி அசைந்தது. அது முதல் கட்டம். அடுத்த கட்டம்: ஆபரேஷனில் குடலைக் கையால் தொட்டு நகர்த்தியதால் அதன் தசையில் சில மணி நேரம் கழித்து ஓர் அழற்சி வரும். நாட்கணக்கில் குடலைப் படுக்க வைப்பது பெரும்பாலும் இதுதான். இதற்கு மேல் வலிக்குப் போடும் மார்ஃபின் வகை ஊசிகள், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவது, டிரிப்ஸ் அளவுக்கு அதிகமாக ஏறுவது எல்லாம் சேர்ந்தால் நாள் இன்னும் கூடும்.

இன்னொரு கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், நாம் குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 7 முதல் 9 லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. வழக்கமாக அதில் பெரும்பகுதியை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். குடல் நின்றுவிட்டால் அது உள்ளேயே தேங்கும். வயிறு உப்பிக் கிடக்கும் ஆளுக்கு நாக்கு வறண்டு சிறுநீர் குறைவது இதனால்தான். தண்ணீர் உடம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள் வரை சாதாரணம்?

முதலில் எழுவது சிறுகுடல்தான்; சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் அசைய ஆரம்பிக்கும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். பெருங்குடல்தான் கடைசி, அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். காற்று பிரிந்ததா என்று வார்டில் எல்லோரும் விடாமல் கேட்பது ஏனென்றால், அது கடைசி ஆளும் எழுந்துவிட்டான் என்பதற்கான செய்தி.

வயிற்றைத் திறந்து செய்த பெரிய ஆபரேஷனில் மூன்று நாள் வரை அமைதியாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். லேப்ராஸ்கோப்பி என்றால் இதைவிடச் சீக்கிரம். நான்கு, ஐந்து நாள் தாண்டியும் வாந்தி, உப்பசம், காற்றும் இல்லை என்றால் இது நீடிக்கிற இலியஸ். டாக்டர்கள் மறுபடி தேட ஆரம்பிப்பார்கள். முதலில் எழுந்து நடந்து, கஞ்சி குடித்து, ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ திடீரென வயிறு உப்பிக் காய்ச்சலும் வந்தால் அது வேறு கதை. தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்குமோ என்று உடனே பார்க்க வேண்டும். அந்த மாற்றத்தை முதலில் கவனிப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் மனைவியோ மகளோதான். தயங்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள், நடு இரவானாலும்.

ஆபரேஷனே பண்ணலை. பனைமரத்திலேர்ந்து விழுந்தவருக்கு வயிறு ஏன் உப்புது?

சாயல்குடி, கடலாடிப் பக்கம் பனையேறும் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. மிக நல்ல கேள்வி. முதுகெலும்பு நொறுங்கினால் அதன் முன்பக்கம், குடலுக்குப் பின்னால், ரத்தம் கட்டும். குடலுக்குப் போகும் நரம்புகள் அந்த வழியாகத்தான் போகின்றன. குடலில் ஒரு கீறல்கூட இல்லாமலே அது நின்றுவிடும். விழுந்த அன்று "வயிற்றில் அடியில்லை" என்று சொல்லி, மறுநாள் வயிறு பானை போல ஆவதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் உள்ளே மண்ணீரலோ குடலோ கிழிந்திருந்தாலும் வயிறு உப்பும். எது என்று ஸ்கேன்தான் சொல்லும். மரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைத்துத் தூக்காதீர்கள்; பலகையில் நேராகப் படுக்க வைத்தே கொண்டு வாருங்கள்.

இது தவிரவும் காரணங்கள் நிறைய உண்டு. குடல்வால் வெடித்துச் சீழ் பரவுவது, கணைய அழற்சி (குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் அதிகம்), டைபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை விழுவது, நிமோனியா, சர்க்கரை ஏகமாக ஏறி ரத்தத்தில் அமிலம் கூடுவது, தைராய்டு மிகவும் குறைந்துபோவது. உப்பளத்திலும் வெயிலிலும் வேலை செய்து தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்குக் கிட்னியில் கல் வரும். அந்தக் கல்வலியே சில சமயம் குடலையும் நிறுத்திவிடும்.

மருந்துகளையும் சொல்ல வேண்டும். டிரமடால், இருமல் மருந்தில் இருக்கும் கோடீன், மனநோய்க்கான சில மாத்திரைகள், அமிட்ரிப்டிலின், பேதியை நிறுத்தும் லோபரமைடு எல்லாம் குடலை மந்தமாக்கும். உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூட்டைடு ஊசியின் குறிப்புத் தாளில் 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இலியஸையும் சேர்க்க வைத்தது. ஊமத்தங்காயைத் தெரியாமல் தின்ற பிள்ளைக்கு வாய் வறண்டு, கண்பாவை விரிந்து, வயிறும் நிற்கும். டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இது குடல் அடைப்புதானே? ரெண்டும் ஒண்ணா?

ஒன்றில்லை. பிரித்துப் பார்ப்பது உயிர் காக்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலை பாறையில் மாட்டினால், ஆட்கள் எவ்வளவு இழுத்தாலும் வராது. இழுக்க இழுக்கக் கயிறு விறைக்கும். இழுக்கிற ஆட்கள் கையை விட்டுவிட்டாலும் வலை வராது, ஆனால் கயிறு தொய்ந்து கிடக்கும். முதலாவது அடைப்பு. இரண்டாவது இலியஸ்.

அடைப்பில் குடல் முட்டி மோதிப் பார்க்கும். அதனால் வலி விட்டு விட்டு, அலை அலையாக, ஆளைச் சுருட்டிப் போடுகிற மாதிரி வரும். வயிற்றில் சத்தம் பலமாகக் கேட்கும். இலியஸில் வலி அப்படி இருக்காது. வயிறு முழுக்க ஒரு பாரம், ஓர் இறுக்கம், "கல்லு மாதிரி இருக்கு" என்பார்கள். சத்தம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். இரண்டிலும் வாந்தி வரும், காற்று பிரியாது. வீட்டில் வைத்து நூறு சதவீதம் பிரிக்க முடியாது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதை மட்டும் நம்பி டாக்டராலும் முடியாது.

ஆனால் வீட்டிலேயே இரண்டு விஷயத்தைப் பார்க்கலாம். வயிற்றில் பழைய ஆபரேஷன் தழும்பு இருக்கிறதா? உள்ளே தழும்பு நார்போல ஒட்டிக்கொண்டு குடலை இறுக்குவதுதான் பெரியவர்களுக்குச் சிறுகுடல் அடைப்பு வர முதல் காரணம். அடுத்து, தொடை இடுக்கிலும் தொப்புளிலும் விரைப்பையிலும் கட்டியாக ஏதாவது இறங்கி, உள்ளே போகாமல் வலிக்கிறதா? நங்கூரமும் ஐஸ் பெட்டியும் தூக்குகிற ஆண்களில் குடலிறக்கத்தை வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் பலர். வெட்கத்தால் டாக்டரிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். மாட்டிக்கொண்ட குடலுக்குச் சில மணி நேரத்தில் ரத்த ஓட்டம் நின்று, அப்போதுதான் அது உண்மையிலேயே அழுக ஆரம்பிக்கும். அண்ணன் தம்பி யாராவது ஒருவர் உரிமையோடு கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

தொக்கம் எடுத்தா சரியாகிடும்னு எங்க பெரியம்மா சொல்றாங்க. குடல் தட்டுறவங்ககிட்ட போகலாமா?

பெரியம்மா அக்கறையில்தான் சொல்கிறார். சாதாரண அஜீரணத்துக்கு அங்கே போய்வந்த பிள்ளைகள் தானாகவே சரியாகியிருப்பார்கள். அதனால் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. ஆனால் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்று பிரியாத ஆளுக்கு இது வேண்டவே வேண்டாம். உப்பிய குடலின் சுவர் மெலிந்திருக்கும். அதை அழுத்திப் பிசைவதும், எண்ணெய் போட்டு வழிப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் கிழிசலில் போய் முடியலாம். உள்ளே சீழ் இருந்தால் அது பரவும். இதைவிடப் பெரிய நஷ்டம், போய்வரும் அந்த அரை நாள்.

விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, நீங்களாகக் கொடுக்கும் எனிமா, சோடா எதுவும் வேண்டாம். நின்றுபோன குடலை அடித்து எழுப்ப முடியாது. அடைப்பு என்றால் பேதி மருந்து குடலை வெடிக்கச் செய்யலாம். வாய் வறண்டால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுங்கள்.

எப்போ உடனே கிளம்பணும்?

பச்சையாகவோ, பழுப்பாக மல நாற்றத்தோடோ வாந்தி வந்தால். ஒரு நாளுக்கு மேல் காற்றும் மலமும் இல்லாமல் வயிறு உப்பிக்கொண்டே போனால். வயிறு பலகை போல விறைத்து, தொட்டாலே துடித்தால். காய்ச்சல், படபடப்பு, மயக்கம், மலத்தில் ரத்தம், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் விடியும்வரை பார்க்க வேண்டாம்.

நம் ஊரின் தூரத்தையும் கணக்கில் எடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 55 கிலோமீட்டர் அளவுக்கு வரும். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினால் இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் இருப்பவர் காத்திருப்பதுபோலத் தீவில் இருப்பவர் காத்திருக்க முடியாது. 108-ஐக் கூப்பிடுங்கள். கடலில் தங்கல் போன படகில் ஒருவருக்கு இப்படி ஆனால் வலை இழுத்து முடிக்கும்வரை நிற்காமல் கரைக்குத் திருப்புங்கள்.

எக்ஸ்ரே எடுத்தாங்க, அப்புறம் ஸ்கேன், தினமும் ரத்தம். இவ்வளவும் எதுக்கு?

எக்ஸ்ரேயில் காற்று எங்கெல்லாம் நிற்கிறது என்று தெரியும். இலியஸில் சிறுகுடல், பெருங்குடல் இரண்டிலும் காற்று பரவலாக இருக்கும்; அடைப்பில் ஓர் இடம்வரை வீங்கி, அதற்குக் கீழே சுருங்கியிருக்கும். சிறுகுடல் 3 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்தால் வீக்கம் என்று கணக்கு. சந்தேகம் தீராவிட்டால் சி.டி. ஸ்கேன், அடைப்பா, சீழா, கசிவா என்பதை அதுதான் தெளிவாகக் காட்டும். எல்லோருக்கும் முதல் நாளே ஸ்கேன் தேவைப்படாது.

ரத்தத்தில் முக்கியமாகப் பொட்டாசியம் பார்க்கிறார்கள். 3.5-க்குக் கீழே போனால் குடல் தசை சுருங்கத் திணறும். மெக்னீசியம் குறைவாக இருந்தால் பொட்டாசியம் எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது, அதனால் அதையும் பார்ப்பார்கள். பொட்டாசியத்தை மெதுவாகச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். டிரிப்ஸ் மெதுவாகப் போகிறதே என்று சக்கரத்தை நீங்களாகத் திருகவே கூடாது. நல்ல எண்ணத்தில் அதைத் திருகும் கைகளைத் தடுத்தபடியேதான் நாங்கள் வார்டில் நடந்திருக்கிறோம்.

மூக்கில் டியூப் போட்டுட்டாங்க. பச்சைத் தண்ணியா வருது. பார்க்கவே பயமா இருக்கு.

அது பித்தம். கீழே போக வழியில்லாமல் மேலே ஏறி நிற்பதை ரைல்ஸ் டியூப் வெளியே எடுக்கிறது. அதை எடுக்காவிட்டால் படுத்திருக்கும் நோயாளி வாந்தியெடுத்து அது நுரையீரலுக்குள் போகலாம். குடல் நிற்பதைவிட அது பெரிய ஆபத்து. தொண்டை வலிக்கும், பேசச் சங்கடம், இரண்டும் உண்மை. ஆனால் டியூப் போட்ட அரை மணியில் வயிறு இளகி, முகம் தெளிவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் இதைப் போட்டே ஆக வேண்டும் என்ற பழைய வழக்கம் இப்போது இல்லை. வாந்தியும் உப்பசமும் இருப்பவருக்குத்தான். பையில் சேரும் அளவைக் குறித்து வைப்பது முக்கியம். நேற்று ஒன்றரை லிட்டர், இன்று அரை லிட்டர் என்றால் நல்ல சேதி. கொட்டும் முன் சிஸ்டரிடம் காட்டுங்கள்.

மூணு நாளா எங்க வாப்பா வயித்துல ஒரு பருக்கை இல்லை. ஒரு வாய் கஞ்சித் தண்ணி குடுக்கக் கூடாதா?

கீழக்கரை அம்மா ஒருவர் கண்ணீரோடு இதைக் கேட்டார். பெற்றவரைப் பட்டினி போடுவதுபோல் தோன்றும் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் தேங்கி நிற்கும் குடலில் மேலும் ஊற்றினால் அது வாந்தியாக வரும், இல்லையென்றால் மூச்சுக்குழாய்க்குப் போகும். இந்த நாட்களில் வாய்க்குக் கொடுக்காமல் இருப்பதே சிகிச்சை.

குளுக்கோஸ் பாட்டில் சாப்பாடு ஆகாது என்பதும் உண்மைதான். 500 மில்லி பாட்டிலில் 25 கிராம் சர்க்கரைதான் இருக்கிறது. அது தண்ணீருக்கும் உப்புக்கும், தெம்புக்கு இல்லை. நல்ல உடல்நிலையில் இருந்தவர் சில நாள் இதைத் தாங்குவார். ஏற்கெனவே மெலிந்தவர், அல்லது ஒரு வாரத்துக்கு மேல் வாயால் சாப்பிட முடியாது என்று தெரிந்தவர் என்றால் ரத்தக்குழாய் வழியாக முழு ஊட்டச்சத்து ஏற்றும் முறை உண்டு. "ஊட்டச்சத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஐந்தாம் நாள் கேட்பது உங்கள் உரிமை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. வாந்தி இல்லை, உப்பசம் இல்லை, டாக்டர் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். காற்று பிரியவில்லையே என்று வீட்டார் கொடுக்க மறுக்கிறார்கள். கோபன்ஹேகனில் ஹென்ரிக் கெலெட் என்ற அறுவை மருத்துவர் 1990-களில் ஆரம்பித்த முறைதான் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது: சீக்கிரம் சாப்பிட வை, சீக்கிரம் எழுப்பி நடக்க வை, டிரிப்ஸையும் மார்ஃபினையும் குறை. டாக்டர் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள்.

வலியோட நடக்கச் சொல்றாங்க. நடந்தா குடல் எழுந்திருமா?

நடப்பதால் மட்டும் குடல் சீக்கிரம் எழும் என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. ஆனாலும் நடக்கச் சொல்வேன். காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும், நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கவும், படுத்த படுக்கையில் மனம் சோராமல் இருக்கவும் அது தேவை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்வது, பாத்ரூம் வரை போவது, பிறகு வராண்டா என்று கூட்டிக்கொண்டே போகலாம்.

சூயிங்கம் மெல்லச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். மென்றால் சாப்பாடு வருகிறது என்று உடம்பு நினைத்துச் சுரப்புகளைக் கிளப்பும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கொஞ்சம் முன்னதாகவே காற்று பிரிந்திருக்கிறது. சிசேரியன் ஆனவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. சர்க்கரையில்லாத சூயிங்கம் நல்லது. டியூப் இருப்பவர், தூக்க மயக்கத்தில் இருப்பவர், சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

வலி ஊசி குடலை நிறுத்துதுன்னா, ஊசியே வேணாம்னு சொல்லிடலாமா?

வேண்டாம். அடக்க முடியாத வலியும் குடலை நிறுத்தும். வலியில் மூச்சை இழுத்துவிட முடியாமல் நிமோனியாவும் வரும். பாரசிட்டமால் டிரிப்ஸ், முதுகில் போடும் எபிடியூரல் போன்ற வேறு வழிகளைச் சேர்த்து மார்ஃபின், டிரமடால் அளவைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

சிசேரியன் ஆன என் மகளுக்கு வயிறு உப்பியிருக்கு. மாமியார் தண்ணியே குடுக்கக் கூடாதுங்கிறாங்க.

சிசேரியனுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் உப்பசம் சகஜம், தானாகக் குறையும். தண்ணீரை நிறுத்துவது தவறு. பால் சுரக்கவும், மலம் இறுகாமல் இருக்கவும், கிருமித் தொற்று வராமல் இருக்கவும் தண்ணீர் வேண்டும். வாந்தி இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே நீராகாரம் ஆரம்பிக்கலாம் என்பதுதான் இன்றைய முறை. வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டுவது உப்பசத்தைக் குறைக்காது, மூச்சைத்தான் தடுக்கும். சுறாப்புட்டு கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். சாதாரணச் சாப்பாடு ஒத்துக்கொண்டதும் தாராளமாகக் கொடுங்கள், காரத்தை மட்டும் குறைத்து. உப்பசம் கூடிக்கொண்டே போய், வலது அடிவயிறு வலித்து, காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் சொல்ல நேரம் கடத்தாதீர்கள்.

பிள்ளைக்கு வயித்தால போச்சு, நின்னுடுச்சு. இப்போ வயிறு உப்பி வாந்தி எடுக்கிறான்.

பேதி நின்றுவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். இது குடல் நின்றுபோனதாக இருக்கலாம். பேதியில் பொட்டாசியம் நிறையப் போய்விடும். கடையில் சொல்லி வாங்கிய லோபரமைடு கொடுத்திருந்தால் இன்னும் மோசம்; சின்னக் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை வீறிட்டு அழுது அடங்கி, மறுபடி வீறிட்டு, மலம் சிவப்பு ஜெல்லி போல வந்தால் குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். எதுவானாலும் அன்றைக்கே மருத்துவமனை.

அடுத்த முறை பேதி என்றால் முதல் நாளிலிருந்தே ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுசாக 1 லிட்டர் குடிதண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அதில் லிட்டருக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. வீட்டில் கலக்கும் உப்பு சர்க்கரைத் தண்ணீரில் அது கிடையாது. உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரில் கலக்க வேண்டாம்; உப்பின் அளவு கூடிவிடும்.

காற்று பிரிஞ்சுடுச்சு! இப்போ என்ன சாப்பிடலாம்?

முதலில் தண்ணீர், ஒரு மடக்கு இரண்டு மடக்காக. ஒத்துக்கொண்டால் கஞ்சி, இட்லி, மோர், குழைந்த ரசம் சாதம். கிட்னிக் கோளாறு இல்லாதவருக்கு இளநீர் நல்லது, பொட்டாசியம் இருக்கிறது. ஒரே நேரத்தில் நிறைய வேண்டாம். கொஞ்சமாக ஐந்தாறு தடவை. அவித்த மீன், முட்டை அடுத்து வரலாம். பனங்கிழங்கு, சுண்டல், காரமான நண்டு, சோடா எல்லாம் ஓரிரு வாரம் போகட்டும். சாப்பிட்டதும் மறுபடி உப்பினால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

திரும்பவும் வருமா? அவர் எப்போ கடலுக்குப் போகலாம்?

இலியஸ் ஒருமுறை வந்து போனால் குடலில் தழும்பு எதையும் விட்டுப் போவதில்லை. காரணம் திரும்பினால்தான் அதுவும் திரும்பும். அடுத்து எந்த ஆபரேஷன் என்றாலும் "போன தடவை குடல் இத்தனை நாள் நின்றது" என்று மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் வயிற்றைத் திறந்த ஆபரேஷனால் உள்ளே ஒட்டல் விழுந்து, வருடங்கள் கழித்தும் அடைப்பு வரலாம். அலை அலையான வலியும் வாந்தியும் வந்தால் "போன தடவை மாதிரி தானா சரியாகும்" என்று இருந்துவிட வேண்டாம்.

கடலுக்குப் போவதைக் குடல் தீர்மானிக்காது, தையல்தான் தீர்மானிக்கும். வயிற்றைத் திறந்த ஆபரேஷன் என்றால் குறைந்தது ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது; நங்கூரம், வலை இழுப்பு, ஐஸ் பெட்டி எல்லாமே இதில் சேரும். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் இதேதான், கூடவே புண் முழுதாக ஆறும்வரை கடல் தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். ஆறு வாரம் முடிந்ததும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, முதலில் காலையில் போய் மாலையில் திரும்பும் தொழிலுக்குப் போகட்டும். தங்கல் கடலுக்கு அதன் பிறகு போகலாம்.